கார்னரில் கட்டையன் நிலைப்பானா?

மாங்காய் லோடு குறைய ஆரம்பித்த ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காவேரிப்பட்டணம் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து லாரி ஓட்டுநர் ஒருவர் தன் பையனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பையனை எனக்கு நன்றாகத் தெரியும். நான் உடற்கல்வி ஆசிரியர். மூன்று வருடமாக அவன் என்னிடம்தான் கபடி ஆடுகிறான். வயது 17, உயரம் 163 சென்டிமீட்டர், எடை 58 கிலோ. லெப்ட் கார்னர், அதாவது இடது மூலையில் நின்று, பாடி வருகிறவனைப் பிடிக்கிறவன். அணிப் பையன்கள் அவனைக் கட்டையன் என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவனும் அதற்குத் திரும்பிப் பார்க்கிறான்.

அப்பா திண்ணையில் உட்காரக்கூட இல்லை. "சார், இவன் இதுல வருவானா, மாட்டானா? அடுத்த வருஷம் பிளஸ் டூ முடிக்கிறான். ஒரே வார்த்தையில சொல்லிடுங்க" என்றார்.

ஒரே வார்த்தை என்னிடம் இல்லை. ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி, ஒரு தேதிக்குள் பதில் வேண்டிய கேள்வியும்கூட. வீட்டில் நாலு பேர் நாலு வழி சொல்கிறார்களாம். தாய்மாமன், "உயரம் இல்லாதவன் பிடிக்க நிற்கக் கூடாது, பாடிப் போகிற ரைடராக மாற்று" என்கிறார். அம்மாவுக்கு அவன் போலீஸ் வேலைக்குப் போக வேண்டும். அப்பா மனதில் ஓசூர்: ஐ.டி.ஐ. படித்துக் கம்பெனிக்குள் நுழைந்துவிட்டால் போதும். பையனுக்கு லெப்ட் கார்னரை விடக் கூடாது, என்றாவது தொழில்முறை லீக்கான புரோ கபடியில் ஆட வேண்டும். ஐந்தாவதாக ஒரு வழி என் மனதில் இருந்தது. அதை அன்று சொல்லவில்லை.

இந்த மாதிரிப் பையனை எடை போடுவதில் நம் ஊரில் முதலில் நடக்கும் தப்பு, ஜூனியர் ஆட்டத்தைப் பார்த்து முடிவெடுப்பது. கபடியில் சின்னப் பிள்ளைகளுக்கு எடை வரம்பு என்று ஒரு வேலி இருக்கிறது. நான் பயிற்சி கொடுக்க ஆரம்பித்த காலத்து விதிப் புத்தகத்தில் 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 55 கிலோ, 20 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 70 கிலோ, பெரியவர்களுக்கு 85 கிலோ. வேலிக்குள் இருக்கும்வரை 54 கிலோ பையன் 54 கிலோ பையனைத்தான் பிடிக்கிறான். அங்கே கட்டையன் ராஜா. வேலி 70க்கு நகர்ந்து, அப்புறம் 85க்கு நகரும்போது பிடிக்கிறவன் அப்படியே இருக்கிறான், பாடி வருகிறவன் மாறிவிடுகிறான். 55 கிலோ பிரிவில் கோப்பை கோப்பையாக வாங்கிவிட்டு ஓப்பன் பிரிவில் ஒரே சீசனில் காணாமல் போன பையன்களை இந்த மாவட்டத்திலேயே நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஆட்டம் கெட்டுப்போகவில்லை, வேலிதான் போய்விட்டது.

இதற்கு நேர் எதிரான தப்பும் ஒன்று உண்டு. பையன் உண்மையிலேயே சின்னவன்தானா என்று யாரும் கேட்பதில்லை. ஊர்ப் போட்டிகளில் 16 வயது என்று சான்றிதழ் காட்டுகிறவர்கள் எத்தனை பேருக்கு நிஜமாகவே 16? மீசையை வழித்துவிட்டு வரும் 'சப்-ஜூனியர்'களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அவர்கள் நடுவில் சரியான வயதோடு ஆடுகிற பையன் குள்ளமாகத்தான் தெரிவான். நம் பையனுக்கு டிசம்பர் பிறப்பு வேறு. வருடக் கணக்கில் பிரிவு பிரிக்கும் இடத்தில் ஜனவரியில் பிறந்தவனை விடக் கிட்டத்தட்ட ஒரு வருடம் இளையவன். மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு இன்னும் வளரும் நிலையில் இருக்கிறதா, மூடிவிட்டதா என்று டாக்டர் சொல்லிவிடுவார். நம் நாட்டில் வயதை மறைத்து ஆடுகிறவர்களைப் பிடிக்கத்தான் அந்தப் பரிசோதனை பெரும்பாலும் பயன்படுகிறது. அதே படத்தைச் சின்னப் பையனுக்கு ஆதரவாகவும் வைக்கலாம். 2022ல் அமெரிக்காவின் லேன் ஹட்சன் என்ற ஐஸ் ஹாக்கி தடுப்பாட்டக்காரர் அதைத்தான் செய்தார். தனக்கு எலும்பு வயது குறைவு, இன்னும் வளர்வேன் என்று டாக்டர் கொடுத்த அறிக்கையை, தன்னைத் தேர்வு செய்ய வந்த அணிகளிடம் காட்டினார்.

ஐஸ் ஹாக்கி எங்கே இதற்குள் வந்தது என்று கேட்பீர்கள். என் தம்பி கனடாவில் இருக்கிறான். பொங்கலுக்கு வந்தவன் எங்கள் ஊர் இரவுப் போட்டியில் கட்டையனைப் பார்த்துவிட்டு, "அண்ணா, எங்க ஊர்ல வருஷா வருஷம் இந்தப் பையனைப் பத்தித்தான் சண்டை போடுவாங்க" என்றான். அங்கே ஜூனியர் ஆட்டத்துக்கும் எடை வரம்பு கிடையாது. ஆறடிக்கு மேல், தொண்ணூறு நூறு கிலோ ஆட்கள் பனியில் வேகமாக வந்து மோதுவார்கள். அதில் தடுப்பாட்டக்காரன் ஐந்தடி ஒன்பது அங்குலம் என்றால் 'சைஸ் பத்தாது' என்று ஓரமாக வைத்துவிடுவார்களாம். (ஐந்தடி ஒன்பது! நம் பக்கம் அந்த உயரத்துக்குப் பெண் வீட்டில் மறுபேச்சே இருக்காது.) அங்கே பல வருடமாக அலசிய கேள்வி என்பதால், கேட்டதை நான் மனதில் வாங்கிக்கொண்டேன்.

தம்பி சொன்னதில் இரண்டு வகை ஆட்கள். ஒரு வகை ஹட்சன், குவின் ஹ்யூஸ் மாதிரி. ஹட்சனை 2022 தேர்வில் மான்ட்ரியல் அணி 62வது ஆளாகத்தான் எடுத்தது. 2024-25ல் முதல் முழு சீசனிலேயே 66 புள்ளிகள். அந்த வருடத்தின் சிறந்த புதுமுகம் என்ற கால்டர் விருது. ஐந்தடி பத்து அங்குல ஹ்யூஸ் 2024ல் சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நாரிஸ் விருது வாங்கினார். இவர்கள் நிலைத்ததற்குக் காரணம், பந்துக்குப் பதிலாக அங்கே உள்ள வட்டை எடுத்துக்கொண்டு முன்னால் போய்க் கோலுக்கு வழி செய்வது. அதாவது பின்னால் நின்றுகொண்டே தாக்குதலும் செய்கிறார்கள். இன்னொரு வகை ஜாரெட் ஸ்பர்ஜன். ஐந்தடி ஒன்பது. 2008ல் நியூயார்க் ஐலேண்டர்ஸ் அணி ஆறாவது சுற்றில் 156வது ஆளாக எடுத்தது, ஒப்பந்தம் போடாமல் விட்டுவிட்டது. 2010ல் மினசோட்டா சேர்த்துக்கொண்டது. அங்கேயே 800 ஆட்டங்களுக்கு மேல் ஆடி, 2021ல் அதே அணிக்குக் கேப்டனும் ஆனார். அவருடைய பலம் நிற்கும் இடம், எதிராளி வருவதற்கு முன்பே குச்சியை அங்கே கொண்டுபோய் வைத்துவிடும் கணக்கு. மோதலே நடக்காமல் பார்த்துக்கொள்வார் என்றான் தம்பி.

எனக்கு ஸ்பர்ஜன்தான் பிடித்தது. ஹட்சன் கதையைக் கேட்டு நம் பையனுக்கு ஆறுதல் சொன்னால் அது ஏமாற்று வேலை. கபடியில் கார்னர் என்றால் பிடிப்பதுதான் வேலை, அவன் கோல் போட முடியாது. பிடியை மட்டும் வைத்தே அவன் தன் இடத்தைச் சம்பாதிக்க வேண்டும்.

அங்கே இன்னொரு விஷயமும் நடந்திருக்கிறது. 2004-05 சீசன் முழுக்கச் சம்பளத் தகராறில் ரத்தாகி, அடுத்த வருடம் ஆட்டம் தொடங்கியபோது குச்சியால் கொக்கி போடுவது, பிடித்து இழுப்பது எல்லாவற்றுக்கும் நடுவர்கள் கண்டிப்பாகத் தண்டனை கொடுக்க ஆரம்பித்தார்கள். பலமாக இழுத்து நிறுத்துகிறவனின் மதிப்பு குறைந்தது, வேகமாக நகர்கிறவனின் மதிப்பு ஏறியது. சின்னவர்களுக்குக் கதவு திறந்ததில் அவர்கள் திறமைக்குப் பங்கு இருந்தது, விதிக்கும் பங்கு இருந்தது. அப்படியானால் நம் ஆட்டத்தின் விதி கட்டையனுக்கு என்ன கொடுக்கிறது, எதை எடுக்கிறது?

இதை நான் நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டுப் பார்த்தேன். ஆண்கள் ஆடுகளம் 13 மீட்டருக்கு 10 மீட்டர். ஒரு பாதி ஆறரை மீட்டர் ஆழம். நடுக்கோட்டிலிருந்து பால்க் கோடு (ரைடர் தாண்டியே ஆக வேண்டிய கோடு) 3.75 மீட்டர், அதற்கு ஒரு மீட்டர் தள்ளிப் போனஸ் கோடு (தாண்டிக் கால் வைத்தால் கூடுதல் புள்ளி), போனஸ் கோட்டிலிருந்து கடைசிக் கோடு 1.75 மீட்டர். கார்னர் நிற்பது அந்தக் கடைசித் துண்டில். ரைடர் 180 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். கணுக்கால் மாட்டி அவன் முன்னால் விழுந்து கையை நீட்டினால், பாதத்திலிருந்து விரல் நுனி வரை சுமார் இரண்டேகால் மீட்டர். போனஸ் கோட்டில், அதாவது 4.75 மீட்டரில் மாட்டினால், விழுந்து நீட்டினாலும் இன்னும் இரண்டரை மீட்டர் இழுத்துக்கொண்டு போக வேண்டும். அதே பிடியைப் பால்க் கோட்டில் போட்டால் ஒன்றரை மீட்டர் இழுத்தாலே நடுக்கோட்டைத் தொட்டுத் தப்பிவிடுவான். இரண்டரை மீட்டர் இழுப்பதற்குள், கார்னருக்குப் பக்கத்தில் நிற்கும் கவர் வந்து மேலே விழுந்துவிடுவான், அப்புறம் இன்னொருவன். ஒன்றரை மீட்டருக்குள் பெரும்பாலும் யாரும் வந்து சேர மாட்டார்கள்.

இந்தக் கணக்கு போட்ட பிறகு, 58 கிலோ 80 கிலோவைப் பிடிக்குமா என்று நான் கேட்பதில்லை. எந்த இடத்தில் பிடிக்கிறான் என்றுதான் பார்க்கிறேன். ரைடர் போனஸுக்குக் காலை வைக்கும்போது பின்கால் தரையை விட்டு எழும்பியிருந்தால்தான் புள்ளி. அதாவது அந்தக் கணத்தில் அவன் ஆழமாக வந்திருக்கிறான், ஒற்றைக் காலில் நிற்கிறான். 80 கிலோவும் ஒரு கணுக்காலில். அந்தக் கணுக்காலுக்குக் கிட்டத்தில் ஏற்கெனவே தாழ்வாக இருக்கிறவன் யார்? நெட்டையன் குனிந்து இறங்க வேண்டும். கட்டையன் பாதி வழி இறங்கியே நிற்கிறான்.

சப்-ஜூனியர் ஆடுகளம் இதைவிடச் சின்னது. பெரிய களத்துக்கு வந்தால் கட்டையன் ஓடி அடைக்க வேண்டிய இடம் கூடிவிடும் என்று பயப்படுவார்கள்; அது உண்மைதான். ஆனால் ரைடர் திரும்பிப் போக வேண்டிய தூரமும் கூடுகிறது. முதலாவதைப் பார்த்துப் பயந்த எத்தனையோ பேர் இரண்டாவதைக் கணக்கில் எடுத்ததே இல்லை, நானும் பல வருடம் எடுத்ததில்லை.

விதி இன்னொன்றும் கொடுக்கிறது. களத்தில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது பிடித்தால் சூப்பர் டேக்கிள், இரண்டு புள்ளி. அந்த நேரத்தில் கைகோத்துச் சங்கிலி போட ஆள் இருக்காது. தனியாகக் கணுக்காலைப் பிடித்து ஒன்றிரண்டு நொடி தாக்குப் பிடிக்கிறவனுக்குத்தான் அப்போது மதிப்பு. தொழில்முறை அணிகள் கார்னர்களுக்குப் பணம் கொடுக்கும் காரணங்களில் இது முக்கியமானது.

எடுப்பதையும் சொல்ல வேண்டும். தொடைப் பிடி, இடுப்புப் பிடி, ஓடி வந்து மோதித் தள்ளும் டேஷ், இதெல்லாம் எடையின் சொத்து. கட்டையனால் கவரில் நிற்க முடியாது. அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம். கார்னரிலும் அவனுக்குப் பக்கத்தில் தடித்த, நிதானமான கவர் கட்டாயம் வேண்டும். 2015 புரோ கபடியில் பட்டம் வாங்கிய யு மும்பா அணியை ஞாபகம் இருக்கிறதா? மூலைகளில் சுரேந்தர் நாடாவும் மோஹித் சில்லரும், கவரில் ஜீவா குமாரும் விஷால் மானேவும். நான்கு பேரில் ஒருவரை மட்டும் பிய்த்தெடுத்து மதிப்பிட முடியாத அணி அது. கட்டையன் மாதிரி ஒருவனைத் தேர்வுக்கு அனுப்பினால், அங்கே ஒரு மணி நேரம் முன்பின் தெரியாத கவரோடு நிற்கவைத்து மார்க் போடுவார்கள். நெட்டையனுக்கு அதனால் பாதிப்பு குறைவு. இவனுக்கு அது அநியாயம், ஆனால் தேர்வு அப்படித்தான் நடக்கும்.

சரி, இந்தக் கண்ணோடு பையனை ஏழு ஆட்டம் பார்த்துக் குறித்து வைத்தேன். எல்லாம் ஓப்பன் பிரிவு, வேலி இல்லாத ஆட்டங்கள். பத்துப் பிடிக்குப் போனால் ஐந்தாறு மாட்டுகிறது. கார்னருக்குப் பாதிக்கு மேல் மாட்டினாலே நல்ல கணக்கு. ஆனால் மாட்டாமல் போனவைதான் என் கவனத்துக்கு வந்தன. கிட்டத்தட்ட எல்லாமே அவசரப் பிடிகள்: ரைடர் இன்னும் பால்க் கோட்டருகே இருக்கும்போதே பொறுமை இழந்து பாய்ந்தவை. எடையால் தோற்ற பிடி ஒன்றோ இரண்டோதான். இது எனக்குச் சந்தோஷமான செய்தி. எடையால் தோற்கிறவனுக்கு என்னால் பெரிதாக உதவ முடியாது. அவசரத்தால் தோற்கிறவனைத் திருத்தலாம்.

கவலை தருவது வேறொன்று. பிடித்த பிறகு அவன் தலை எங்கே இருக்கிறது? இரண்டு முறை ரைடரின் முழங்கால் அவன் கன்னத்தில் பட்டது. தாழ்வாகப் போகிறவனுக்கு இது தொழில் ஆபத்து. தலையை ரைடரின் காலுக்கு வெளிப்புறம் வைக்கிற பழக்கம் வராவிட்டால், புரோ கபடி இருக்கட்டும், இருபது வயதில் தாடையோ கழுத்தெலும்போ போய்விடும். உயரத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிற மாமன் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மாமன் சொன்ன ரைடர் யோசனைக்கு வருவோம். கேட்க நியாயமாக இருக்கிறது: சின்னவன், வேகமானவன், பாடப் போகட்டும். பணமும் அந்தப் பக்கம்தான் அதிகம் என்கிறார். 2023 புரோ கபடி ஏலத்தில் ரைடர் பவன் ஷெராவத் 2 கோடியே 60 லட்சத்துக்கு மேல் போனார் என்பது உண்மை. ஆனால் அதே ஏலத்தில் ஈரானின் முகமதுரெசா ஷாட்லூயி 2 கோடியே 35 லட்சம், ஃபசல் அத்ராச்சலி 1 கோடியே 60 லட்சம். இரண்டு பேருக்கும் பிழைப்பு லெப்ட் கார்னரில். (இரண்டு பேரும் கட்டையர்கள் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், பிடிக்கிறவனுக்கும் விலை உண்டு என்பதற்காகத்தான் சொன்னேன்.) பணத்தை விடுங்கள். ரைடருக்கு உயரம் தேவையில்லை என்று யார் சொன்னது? கையை நீட்டித் தொடுவதும், கால் நுனியால் தொடுவதும் நீளத்தின் ஆட்டம். ஐந்து சென்டிமீட்டர் கை குறைந்தால் ஐந்து சென்டிமீட்டர் கூடுதலாக உள்ளே போக வேண்டும். கட்டையாக இருப்பதால் கிடைப்பது சங்கிலிக்கு அடியில் புகுந்து வரும் டுப்கி ஒன்றுதான். அதில் பேர் வாங்கிய பர்தீப் நர்வாலுக்கு அது ஒரு ஆயுதம், அவரிடம் இன்னும் பல ஆயுதங்கள் இருந்தன. பத்து வயதிலிருந்து பாடிப் பழகியவர்களோடு, 17 வயதில் மூச்சுக்கட்டு முதல் தொடங்கி இவன் போட்டி போட வேண்டும். உயரக் குறைவைக் காரணம் காட்டி உயரம் அதிகம் தேவைப்படும் இடத்துக்கு மாற்றச் சொல்கிறார் மாமன். இதை ஒதுக்கிவிட்டேன்.

அம்மாவின் போலீஸ் யோசனையைத்தான் வீட்டில் எல்லோரும் பத்திரமான வழி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். கபடி சான்றிதழ் இருந்தால் ஒதுக்கீட்டில் கிடைத்துவிடும் என்று. மறுபடி குடும்பத்தோடு பேச உட்கார்ந்தபோது நான் ஒரு இஞ்ச் டேப்பை எடுத்து மேஜையில் வைத்தேன். தமிழ்நாடு காவல்துறையில் இரண்டாம் நிலைக் காவலருக்கு ஆண்கள் உயரம் 170 சென்டிமீட்டர். பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 167. விளையாட்டு ஒதுக்கீட்டில் விண்ணப்பித்தாலும் உடல் அளவுத் தேர்வு உண்டு. மத்திய ஆயுதப் படைகளிலும் பொதுவாக 170. ரயில்வே பாதுகாப்புப் படைக்குப் பொதுவாக 165. ராணுவத்தில் பொதுப்பணிக்கு நம் பகுதி ஆட்களுக்கு 166, தேர்ந்த விளையாட்டு வீரருக்கு இரண்டு சென்டிமீட்டர் சலுகை. அப்படிக் கழித்தாலும் 164. பையன் 163.

அம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது. எனக்கும் சொல்லக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கட்டையன் என்று பயந்து கபடியிலிருந்து எந்தப் பக்கம் தள்ளிவிடப் பார்த்தார்களோ, அந்தப் பக்கத்துக் கதவில்தான் டேப் தொங்குகிறது. புரோ கபடியில் 85 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று உச்ச வரம்புதான் உண்டு. இவ்வளவு உயரம் இருந்தே தீர வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எலும்பு இன்னும் மூடவில்லை என்றால் ராணுவக் கதவு திறக்கலாம். மணிக்கட்டு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஓசூரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல வழி, நம் மாவட்டத்துப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் போகிற வழி. இரண்டு வருடம் கழித்துப் போனாலும் அது அங்கேயே இருக்கும். ஷிப்டு வேலையோடு கபடியைத் தொடர்வதாகச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை, அவ்வளவுதான்.

பையனின் கனவையும் கணக்காகவே பார்த்தேன். புரோ கபடியில் 12 அணிகள், அணிக்கு 18 முதல் 25 ஆட்டக்காரர்கள். அதில் இடது வலது என்று சேர்த்து நாலைந்து பேர்தான் கார்னர்கள். நாடு முழுக்க ஐம்பது அறுபது இடம். அரியானாவிலிருந்து மட்டுமே எத்தனை பேர் வருகிறார்கள் என்று தொலைக்காட்சியில் பார்த்தாலே தெரியும். இதைக் குடும்பத்தின் திட்டமாக வைக்க முடியாது. ஸ்பர்ஜன் கதையைக் கேட்டு மயங்கும்போதும், அவரோடு அதே உயரத்தில் ஆடிக் காணாமல் போனவர்களின் பெயர் நமக்குத் தெரியாது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். அதே நேரத்தில், இது சீக்கிரம் மூடிவிடும் கதவும் இல்லை. தஞ்சாவூர்ப் பக்கத்துத் தர்மராஜ் சேரலாதன், கார்னரில் நிற்கிறவர்தான், 2016ல் புரோ கபடியில் பாட்னா அணிக்குக் கேப்டனாகப் பட்டம் வாங்கிக் கொடுத்து, அதே வருடம் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தபோது வயது 41. ரைடரின் கால் வேகம் முப்பதில் இறங்கத் தொடங்கும். கார்னரின் கண் அப்போதுதான் பழுக்கும். இவனுக்கு 17.

அதனால் நான் சொன்ன ஐந்தாவது வழி, கனவுக்கும் ஓசூருக்கும் நடுவில் இருக்கிற ஒன்று. கபடி அணி வைத்திருக்கும் ஒரு கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்வது, கார்னரிலேயே நிற்பது, மாநில ஜூனியர் அணியைக் குறிவைப்பது. மாநிலச் சட்டை போட்டுத் தேசியப் போட்டியில் ஆடி, அணியும் சொல்லும்படியான இடத்துக்கு வந்தால், ரயில்வே, வங்கி, வருமான வரித்துறை மாதிரி இடங்களில் விளையாட்டு வீரர்களுக்கான விண்ணப்பம் போடலாம். குமாஸ்தா மேஜைக்கு யாரும் டேப் பிடிப்பதில்லை. சீனியர் தேசியப் போட்டியில் ரயில்வே அணி எப்போதும் முன்வரிசை, அங்கே போனால் ஆட்டமும் நிற்காது. தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடும் இருக்கிறது. அதற்குப் பதக்கம் வேண்டும் என்பதால் அது அடுத்த படி. புரோ கபடிக்காரர்களின் கண்ணில் படுவதும் இந்த வழியில் போகிறவன்தான். ஆகவே பையன் தன் கனவை விட்டுக்கொடுக்கவும் தேவையில்லை.

"எத்தனை வருஷம் சார்?" என்றார் அப்பா. இரண்டு என்றேன். இரண்டு வருடத்தில் எடை 58லிருந்து 68, 70க்கு வர வேண்டும், வேகம் குறையாமல். வீட்டில் ராகிக் களி இருக்கிறது, அதோடு முட்டையும் வேர்க்கடலையும் தினமும். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டேன். சின்ன எடைப் பிரிவில் ஆடவைப்பதற்காக யாராவது பட்டினி போடச் சொன்னால் அனுப்பக் கூடாது. போன வருடம் ஒரு அணிக்காரர்கள் 55 கிலோவுக்குள் கொண்டுவர இவனை இரண்டு நாள் தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்கவிடாமல் ஓடவைத்தார்கள். கோப்பை வந்தது. பையன் ஒரு வாரம் படுத்துக் கிடந்தான். வளர்கிற உடம்பை வளரவிடாமல் வைத்துக்கொண்டு, அப்புறம் குள்ளம் என்று சொல்வதில் என்ன நியாயம்?

இரண்டு வருடம் கழித்து என்ன பார்ப்பேன் என்றும் சொல்லிவிட்டேன். ஓப்பன் பிரிவில் 75 கிலோவுக்கு மேற்பட்ட ரைடர்களை மட்டும் தனியாக எண்ணுவேன். அதில் பாதி மாட்டினால் தொடரலாம். மாநில அணித் தேர்வில் கடைசிப் பட்டியல் வரையாவது போயிருக்க வேண்டும். அவசரப் பிடி இப்போது இருப்பதில் பாதியாகக் குறைந்திருக்க வேண்டும். மூன்றில் இரண்டு இல்லை என்றால் நானே ஓசூருக்குப் பஸ் ஏற்றிவிடுகிறேன் என்றேன். பையன் சிரிக்கவில்லை. அப்பா சிரித்தார்.

எக்ஸ்ரே படம் மறுவாரம் வந்தது. எலும்பு முழுதாக மூடவில்லை, இன்னும் கொஞ்சம் வளரலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் வற்புறுத்திக் கேட்கவில்லை. அம்மா மட்டும் வீட்டுக் கதவு நிலையில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறாராம்.

வருகிற சனிக்கிழமை பர்கூர் பக்கம் ஓர் இரவுப் போட்டி, ஓப்பன் பிரிவு. லெப்ட் கார்னரில் இவன்தான். பக்கத்தில் நிற்கிற கவர் 78 கிலோ, போன மாதம்தான் சேர்ந்தவன். இரண்டு பேரையும் தினமும் சாயங்காலம் சேர்த்து நிற்கவைத்து, பால்க் கோட்டில் ரைடர் ஆட்டம் காட்டும்போது அசையாமல் இருக்கப் பழக்கிக்கொண்டிருக்கிறேன். லோடு சீக்கிரம் இறங்கிவிட்டால் வருவதாக அவன் அப்பா சொல்லியிருக்கிறார்.